பாக்கியம் எங்கே போனாள்?

(கொழும்பு, வெள்ளவத்தை. கடற்கரைப் பக்கத்து அடுக்குமாடியில் ஐந்தாம் மாடி. பாதி திறந்த கதவுக்கு உள்ளே, வங்கியில் இருந்து ஓய்வுபெற்ற தியாகராசா. வெளியே, போத்தல் பேப்பர் வாங்கும் முத்தையா.)

முத்தையா: குறையுதுங்க ஐயா.

தியாகராசா: என்ன குறையுது? என் கண் முன்னால்தானே நிறுத்தீர்? தராசும் உம்முடையது, கணக்கும் உம்முடையது. 42 கிலோ, கிலோ 50 ரூபாய்ப்படி 2,100 தந்தீர். இப்ப வந்து குறையுது என்றால் நான் என்ன செய்ய?

முத்தையா: நிறுவையில் குறை இல்லைங்க. உள்ளே குறையுது.

தியாகராசா: உள்ளே எப்படிக் குறையும்? புத்தகம் என்ன, காற்றுப் போகிற டயரா?

முத்தையா: 16 பக்கம் இல்லை ஐயா.

தியாகராசா: 16 பக்கம் எத்தனை கிராம் வரும்?

முத்தையா: எட்டுத் தாள்தானே. 20 கிராமும் வராது.

தியாகராசா: 20 கிராமுக்காகவா கிராண்ட்பாஸில் இருந்து வந்தீர்? பஸ் காசே அதைவிடக் கூட. சரி, 20 கிராமுக்கு ஒரு ரூபாய். ஒரு ரூபாய்க் குற்றி இப்ப ஆரிட்ட இருக்கு? இந்தாரும், ஐந்து ரூபாய். மிச்சத்தை நீரே வைத்துக்கொள்ளும்.

முத்தையா: காசு வேண்டாங்க. பாக்கியம் எங்கே போனாள் என்று மட்டும் சொல்லுங்கள். அதைக் கேட்டுப் போகத்தான் வந்தேன்.

(கதவு இன்னும் கொஞ்சம் சாத்தப்படுகிறது.)

தியாகராசா: எந்தப் பாக்கியம்?

முத்தையா: வீட்டு வேலைக்கு வந்த பிள்ளைங்க. மலையகத்தில் டிக்கோயாப் பக்கம்.

தியாகராசா: நீர் அவளுக்கு என்ன முறை?

முத்தையா: முறையெல்லாம் இல்லைங்க. ஆனால் எங்கள் பழைய பேப்பர் ஸ்டோரில் எல்லோருக்கும் இப்ப அவள் பேச்சுத்தான்.

தியாகராசா: ஸ்டோரிலா? எத்தனை பேருக்குத் தெரியும்?

முத்தையா: ஏழெட்டுப் பேருக்கு. சுனிலுக்கு மட்டும் சிங்களத்தில் சொன்னேன். அவன்தான் ரொம்பக் கோபமாக இருக்கிறான்.

தியாகராசா: சிங்களத்திலும் சொல்லியாச்சோ!

முத்தையா: குசினிக்குள் நின்று அழுகிறாள். கோப்பை உடைந்து காலடியில் கிடக்குது. வீட்டுக்கார அம்மா, சம்பளத்தில் கழிப்பேன் என்கிறா. அதுவரைக்கும் தெரியுங்க. அப்புறம் ஒன்றும் இல்லை.

தியாகராசா: குசினிக்குள் நடந்தது வெளியில் எப்படி வந்தது? அவளா சொன்னவள்?

முத்தையா: எழுத்தில் இருக்கே ஐயா.

தியாகராசா: எழுத்திலா! பொலிஸிலா, தொழில் திணைக்களத்திலா?

முத்தையா: அச்சடித்தே இருக்குங்க.

தியாகராசா: தம்பி, உள்ளே வாரும். செருப்போடேயே வாரும், பரவாயில்லை. பிளேன்டீ குடிப்பீரா?

(தண்ணிப் போத்தல்காரன் முதல் கேபிள்காரன் வரை எல்லோரும் செருப்பைக் கழற்றிய வீடு அது. முத்தையாவும் கழற்றிவிட்டுத்தான் போகிறார்.)

தியாகராசா: இஞ்ச பாரும், நான் நியாயமான ஆள். மாதம் 5ஆம் திகதி என்றால் சம்பளம் கையில். கடைசி மாதம் கழித்தது உண்மைதான். அது லேசுப்பட்ட கோப்பை இல்லை, மனுசி சீதனமாகக் கொண்டுவந்த செட். ஆறில் ஒன்று போனால் மிச்சம் ஐந்தை வைத்து என்ன செய்கிறது? அதுதான் ஆறுக்கும் கழித்தோம்.

முத்தையா: ஆறுக்குமா? புத்தகத்தில் ஒன்றுக்குத்தானே கழிக்கிறார்கள்!

தியாகராசா: எந்தப் புத்தகத்தில்?

முத்தையா: இந்தப் புத்தகத்தில்தான் ஐயா.

(பையிலிருந்து ஒரு நாவல் வெளியே வருகிறது. கீழே கரையோர ரயில் ஒன்று கடந்துபோகும்வரை இருவரும் பேசவில்லை. அன்றைக்கென்று ரயிலும் நீளம்.)

தியாகராசா: அப்ப நீர் எங்கட பாக்கியத்தைக் கேட்கவில்லையா?

முத்தையா: உங்கள் வீட்டிலும் ஒரு பாக்கியம் இருந்தாளா ஐயா?

தியாகராசா: சீச்சீ. எங்கட வீட்டில் இருந்தவள் பாக்கியலெட்சுமி. அது வேறை.

முத்தையா: வேறைதாங்க. இது உங்கள் புத்தகம்தான், பாருங்கள். 'இலக்கிய ஆர்வலர் தியாகராசா அண்ணருக்கு. வாசித்துக் கருத்துச் சொல்லவும்' என்று கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார்.

தியாகராசா: ஓ, இதுவா! முதலே சொல்லியிருக்கலாமே. இதன் வெளியீட்டு விழாவில் நயவுரை நிகழ்த்தியதே நான்தான் காணும். 45 நிமிடம். நேரம் முடிந்தது என்று தலைவர் மூன்று தரம் துண்டு அனுப்பினார். நான் துண்டையும் வாசித்துக் காட்டிவிட்டுத் தொடர்ந்து பேசினேன்.

முத்தையா: தெரியுங்க, உங்கள் குறிப்பு உள்ளேயே இருந்தது. அணிந்துரையில் இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள். முன்னுரையில் ஒன்று. பின் அட்டையில் நாலு.

தியாகராசா: ஆழமாக வாசிக்கிறவன் அப்படித்தான் கோடு போடுவான்.

முத்தையா: அப்ப 97ஆம் பக்கத்தில் இருந்து 112 வரைக்கும் என்னங்க நடக்குது?

தியாகராசா: மலையக மக்களின் அவலம்.

முத்தையா: அது சரிங்க. பாக்கியம்?

தியாகராசா: பாக்கியமும் அந்த அவலத்துக்குள்தான் வருவாள்.

முத்தையா: கோப்பையை உடைத்தது அவளா, பூனையா?

தியாகராசா: பூனையா?

முத்தையா: 88ஆம் பக்கத்தில் பூனை வருதே ஐயா.

தியாகராசா: அது குறியீடு.

முத்தையா: எதுக்குங்க?

தியாகராசா: அவலத்துக்கு.

முத்தையா: பூனை மீன் தின்னுது ஐயா. நல்லாத்தான் இருக்கு.

தியாகராசா: விழாவிலே இப்படி ஒருத்தரும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. மண்டபம் நிறைந்த சனம். சிறப்புப் பிரதி வாங்க என்வலப்பில் 5,000 வைத்தேன், தெரியுமோ?

முத்தையா: இந்தப் புத்தகம் 300 கிராம் ஐயா. 5,000 கொடுத்து வாங்கியதை எனக்கு 15 ரூபாய்க்குத் தந்திருக்கிறீர்கள்.

தியாகராசா: 5,000 புத்தகத்துக்கு இல்லை காணும், படத்துக்கு. அடுத்த ஞாயிறு பத்திரிகையில் வந்தது. எழுத்தாளர், நான், நடுவில் புத்தகம்.

முத்தையா: படத்தில் திறந்திருந்ததா?

தியாகராசா: அட்டை தெரிய வேண்டாமா?

(வெள்ளவத்தையில் ஞாயிறு மாலை என்றால் எங்காவது ஒரு நூல் வெளியாகிக்கொண்டுதான் இருக்கும். அந்தப் படங்களில் நூல் எப்போதும் மூடியே இருப்பதைக் கவனித்துப் பாருங்கள்.)

தியாகராசா: சங்க நூலகத்தில் போய்ப் பார்த்திருக்கலாமே? கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942இல் தொடங்கியது. நான் அதில் ஆயுட்கால உறுப்பினர்.

முத்தையா: போனேங்க. அங்கே இருக்கும் பிரதியிலும் 96க்கு அடுத்தது 113.

தியாகராசா: அங்கேயுமா? ஆரோ கிழித்துவிட்டான்கள்.

முத்தையா: கிழித்த அடையாளமே இல்லை. கட்டு நல்லா இருக்கு. ஏழாம் பாரம் முழுசாகவே சேரவில்லை.

தியாகராசா: பாரமா?

முத்தையா: 16 பக்கம் ஒரு பாரம் ஐயா. பெரிய தாளில் அடித்து, மடித்து, வரிசைப்படி அடுக்கிக் கட்டுவார்கள். 97இல் தொடங்குவது ஏழாவது. அச்சகக் கழிவையும் நாங்கள்தானே அள்ளுகிறோம். உங்களுக்குத் தெரியாதுங்களா?

தியாகராசா: நாங்கள் உள்ளடக்கத்தைப் பார்க்கிற ஆட்கள்.

முத்தையா: ஆமாங்க. அதைத்தான் கேட்கிறேன்.

தியாகராசா: சரி தம்பி, கோபிக்காதேயும். உமக்கு ஏன் இந்தச் சோலி? நிறுத்தோமா, கட்டினோமா, ஆலைக்கு அனுப்பினோமா என்று இருக்க வேண்டியதுதானே? வாசிப்பு என்பது ஒரு தவம். அதற்கு ஒரு பின்புலம் வேண்டும்.

முத்தையா: எழுத்தாளர் டொமினிக் ஜீவாவுக்கு என்ன பின்புலங்க? யாழ்ப்பாணத்தில் சலூனில் முடி வெட்டினவர். 1966இல் 'மல்லிகை' என்ற இலக்கியச் சஞ்சிகையைத் தொடங்கி, தானே கையில் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய் விற்றார்.

தியாகராசா: ஜீவாவா! நல்ல பழக்கம் எனக்கு. அவர் கொழும்புக்கு வந்த பிறகு எனக்குத் தபாலில் மல்லிகை வரும்.

முத்தையா: வந்திருக்குங்க. ஒரு கட்டு என்னிடம்தான் இருக்கு. சுற்றின தாள்கூடப் பிரிக்கவில்லை.

தியாகராசா: பாதுகாத்தேன்.

முத்தையா: நல்லாத்தான் பாதுகாத்திருக்கிறீர்கள். பூச்சிகூட வாசிக்கவில்லை.

தியாகராசா: நீர் என்னவோ நான் எழுத்துக்கு எதிரி மாதிரிக் கதைக்கிறீர். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தபோது எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. 97,000 புத்தகம் காணும்! ஏட்டுச்சுவடி வேறை! இன்றைக்கும் எந்த மேடையில் ஏறினாலும் அதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

முத்தையா: எரித்தவர்களுக்காவது அதற்குள் ஏதோ இருக்கு என்று தெரிந்திருக்கு ஐயா.

(தியாகராசா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். அழுக்கு ஒன்றும் இல்லை.)

தியாகராசா: மருமகள் டொரொன்டோவில் இருந்து வருகிறா. வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும். அவவுக்குத் தூசு ஒத்துக்கொள்ளாது. அதுதான் கொடுத்தேன், வேறொன்றுக்கும் இல்லை.

முத்தையா: கொடுத்தது குற்றம் இல்லைங்க. 2022இல் கொடுத்திருந்தால் இன்னும் நல்ல விலை. பேப்பர் இல்லாமல் மேல் மாகாணத்தில் பள்ளிக்கூடப் பரீட்சையையே தள்ளிப் போட்டார்களே, ஞாபகம் இருக்கா?

தியாகராசா: (முதல் தடவையாக உண்மையான வேதனையோடு) அப்ப கிலோ எவ்வளவு போனது?

முத்தையா: அதை விடுங்கள் ஐயா. என் அக்கா 14 வயதில் பம்பலப்பிட்டியில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு வந்தா. தீபாவளிக்குத் தோட்டத்துக்கு வருவா. எப்படி இருக்க என்று அம்மா கேட்கும். 'நல்லா இருக்கேன்.' சாப்பாடு? 'நல்லா இருக்கு.' அந்த வீட்டு ஆட்கள்? 'நல்லவங்க.' 11 வருசமும் இதே மூன்று பதில். இந்தப் புத்தகத்தில் பாக்கியமும் தோட்டத்து லயத்துக்குப் போய் அதே மூன்றைத்தான் சொல்கிறாள். ஆனால் சொல்லும்போது அவள் கை என்ன செய்தது என்று எழுதியிருக்கிறார் பாருங்கள். பாவாடை ஓரத்தை முறுக்கி முறுக்கி, நூலே பிரிந்துவிட்டதாம். எங்கள் அக்காவும் அப்படித்தான் முறுக்குவா. நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஒருத்தருக்கும் படவில்லை. அன்றைக்கு ராத்திரியே அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

தியாகராசா: என்ன சொன்னா?

முத்தையா: 'நல்லா இருக்கேன்' என்றா.

தியாகராசா: பிறகென்ன?

முத்தையா: நான் போனை வைக்கவில்லை. பாக்கியத்தின் கதையை ஒன்றாம் பக்கத்தில் இருந்து 96 வரைக்கும் சொன்னேன். அக்கா ஊம் கொட்டிக்கொண்டே இருந்தா. முடிந்ததும், 'அந்தப் புள்ள அப்புறம் என்ன செஞ்சிச்சு?' என்று கேட்டா. இத்தனை வருசத்தில் அக்கா என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதாங்க. எனக்குப் பதில் தெரியவில்லை.

தியாகராசா: அவலம்.

முத்தையா: ஐயா, தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் எங்கள் அம்மாவின் கூடைக்கு ஈரம் என்று சொல்லி இரண்டு கிலோ கழிப்பார்கள். இன்னொரு தரம் அந்தச் சொல்லைச் சொன்னீர்கள் என்றால், உங்கள் 42 கிலோவில் நானும் ஈரத்துக்குக் கழிப்பேன்.

தியாகராசா: சரி, சரி. 113இல் பார்த்தால் தெரியுமே, போனாளா இல்லையா என்று?

முத்தையா: 113இல் தோட்டத்தில் அவள் தம்பிக்குக் கல்யாணம். வந்தவர்கள் பெயர் எல்லாம் வருது. அவள் பெயரைக் காணோம். அதுக்குப் பிறகு கடைசி வரைக்கும் காணோம்.

தியாகராசா: விட்டுவிடும் காணும். கதைதானே.

முத்தையா: விட முடியவில்லைங்க. ஸ்டோரில் சண்டை. கடைசியில் சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கி நாங்களே எழுதத் தொடங்கிவிட்டோம்.

தியாகராசா: நீங்களா? எழுதுகிறீர்களா?

முத்தையா: சுனில் சொன்னான், மிச்சம் ஐந்து கோப்பையையும் போட்டு உடைத்துவிட்டு, பக்கத்து வீட்டு டிரைவரோடு போகிறாள் என்று. எழுதிப் பார்த்தோம், சரிவரவில்லை. அந்த டிரைவர் 40ஆம் பக்கத்திலேயே டுபாய்க்குப் போய்விட்டான். சுனில் அவனைத் திருப்பிக் கூப்பிடச் சொன்னான். டிக்கட்டுக்கு யார் காசு கொடுப்பது? அப்புறம், அவளே கதவைத் திறந்து போகிறாள் என்று எழுதினோம். சாவி அம்மாவின் கொத்தில். சரி, அம்மா நித்திரை, சாவியை எடுக்கிறாள். பஸ் காசு? அரிசி டின்னுக்குள் கொஞ்சம் ஒளித்து வைத்திருந்தாள் என்று வைத்தோம். இவ்வளவும் செய்து வாசலுக்குக் கொண்டுவந்தால், ஸ்டோரில் ஒரு பெரியவர் கேட்கிறார், அவள் அடையாள அட்டை எங்கே என்று. அது இல்லாமல் வேறு வேலைக்குப் போக முடியுமா? ராத்திரி இரண்டு மணி வரைக்கும் அவளை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு எல்லோரும் படுத்துவிட்டோம். ஒரு பிள்ளையை ஒரு வாசற்படி தாண்ட வைப்பதற்கு எவ்வளவு கஷ்டம் ஐயா! வாசிக்கும்போது அது தெரியவே இல்லை.

(தியாகராசா பதில் சொல்லவில்லை. போனை எடுத்து எழுத்தாளரின் இலக்கத்தை அழுத்துகிறார்.)

தியாகராசா: ஓம், தியாகராசாதான். இல்லை இல்லை, விழாவுக்கு இல்லை. உம்முடைய நாவலில் 97ஆம் பக்கம்... ஓம், போய்ப் பாரும், நிற்கிறேன். (நீண்ட நேரம்.) என்ன? உம்முடைய பிரதியிலும் இல்லையா? கட்டிலுக்குக் கீழே இருக்கிறதிலுமா? ஹலோ? ஹலோ? (போனைக் காதிலிருந்து எடுத்து) அழுகிறார்.

முத்தையா: ஐயோ, ஏங்க?

தியாகராசா: 300 பிரதியும் அப்படித்தான் போலிருக்காம். வெளியிட்டு இரண்டு வருசம். ஒருத்தரும் சொல்லவில்லையாம். விழாவில் மட்டும் 11 பேர் பேசினோம்.

முத்தையா: கவலையில் அழுகிறாரா?

தியாகராசா: சந்தோசத்திலாம். ஒரு ஆள் 96ஆம் பக்கம் வரைக்கும் போயிருக்கிறாரே என்று. உம்மோடு கதைக்க வேண்டுமாம்.

முத்தையா: (போனில்) வணக்கங்க. ஆமாங்க, கிராண்ட்பாஸ். அதை விடுங்கள், பாக்கியம் எங்கே? ... என்னது, மன்னிப்புக் கேட்கிறாளா? அவள் எதுக்குக் கேட்கணும்? பூனைதானே உடைத்தது! ... அப்ப தம்பி கல்யாணத்துக்கு ஏன் போகவில்லை? ... லீவு கொடுக்கவில்லையா? ... ம். அது நடக்குங்க. எங்கள் வீட்டிலும் நடந்தது. ... இல்லைங்க, அதுக்காக மன்னிப்பை ஒத்துக்கொள்ள மாட்டேன். சுனிலுக்கு இதை நான் எப்படிச் சொல்வேன்?

தியாகராசா: என்ன சொல்கிறார்?

முத்தையா: (போனைப் பொத்தி) இரண்டாம் பதிப்பு அடிக்கப் போகிறாராம். எங்கள் கொப்பியைக் கொண்டுவந்து காட்டச் சொல்கிறார்.

தியாகராசா: நயவுரைக்கு ஆள் கேட்டாரா?

முத்தையா: கேட்கவில்லையே.

தியாகராசா: சும்மா ஞாபகப்படுத்தும்.

முத்தையா: (போனில்) ஹலோ, இன்னொன்றுங்க. எங்களுக்கு அந்த வாசலில்தான் சிக்கல். அவளுடைய அடையாள அட்டை எங்கே இருக்கு? ... அதையும் எழுதியிருக்கிறீர்களா? எத்தனையாம் பக்கம்? ... 104. ... வீட்டுக்கார ஐயாவின் அலுமாரியிலா? எந்தத் தட்டு? ... மேல் தட்டு, காணி உறுதிக்குக் கீழே.

தியாகராசா: பச்சைப் பொய்! ஆர் சொன்னது மேல் தட்டென்று? கீழ்த் தட்டில்தான் வைத்தேன்!

முத்தையா: (போனில்) ஹலோ, கேட்டுதுங்களா? இரண்டாம் பதிப்பில் கீழ்த் தட்டு என்று திருத்திவிடுங்கள்.